குடும்பத் தலைவரின் மணிக்கட்டு

வாயில் மூன்றாவது முறையாக விலகிப் போனது.

சரியாகச் சொன்னால் வாயில் அங்கேயேதான் இருந்தது, முப்பதடி தூரத்தில், பச்சை விளக்கோடு. விலகியது பாதைதான். காலடியில் மிதந்த பலகைகள் மெல்லத் திரும்பி, குணாளனையும் அவன் மனைவி பவித்ராவையும் ஆறு வயது மகள் இமையாவையும் மறுபடி அலையாத்திக் காட்டுக்குள் கொண்டு போயின.

"பயப்படாதீங்க," என்றாள் பவித்ரா.

"யார் பயந்தா?"

அவன் மணிக்கட்டில் இருந்த அச்சமானிப் பட்டை 81 என்றது.

முகத்துவாரப் பூங்காவின் பெருமையே இந்த இணங்குபாதைதான். எளிய நடை, நாற்பது நிமிடம், குழந்தைகளோடு வரலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பட்டை. அதை அணிந்தவர் எதைப் பார்த்து நாற்பதுக்கு மேல் பயந்தாலும், பாதை அந்தப் பக்கம் போகாமல் வளைந்துவிடும். மதியம் நுழையும்போது வரவேற்புப் பெட்டி, "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டது. காரை ஓட்டி வந்தவள், இடம் பதிவு செய்தவள், புளிசாதம் கட்டியவள் எல்லாம் பவித்ரா. ஆனால் கேள்வி காதில் விழுந்ததும் அவள் கை தானாகக் கணவனைக் காட்டியது. குணாளனும் நெஞ்சை நிமிர்த்திக் கையை நீட்டினான். அவன் மின்தூக்கி ஆய்வாளன். பன்னிரண்டு மாடி என்றாலும் படியேறிப் போய், "மின்தூக்கி பத்திரமாக உள்ளது" என்று கையெழுத்துப் போடுகிற ஆள்.

முதல் முறை வாயிலருகே ஓர் உடும்பு படுத்திருந்தது. பாதை மரியாதையாக வளைந்தது. இரண்டாம் முறை உடும்பு இல்லை. 'மறுபடி வளைந்துவிடுமோ' என்று பயந்தான், வளைந்துவிட்டது. ஏன் பயம் என்பது பாதைக்குத் தெரியாது. எந்தப் பக்கம் பார்த்துப் பயம் என்பது மட்டும்தான் தெரியும். இப்போது வாயிலே உடும்பாகிவிட்டது.

மணி ஐந்தே கால். பௌர்ணமி. முகத்துவாரத்தில் கடல்நீர் ஏறிக்கொண்டிருந்தது. பலகைகளைக் கட்டியிருந்த சங்கிலிகள் அவற்றை ஓரளவுக்கு மேல் உயர விடவில்லை. இடுக்குகளில் நீர் கொப்பளித்து எழுந்தது. இறங்கி நடக்கலாமா என்று குணாளன் ஒரு காலைச் சேற்றில் வைத்துப் பார்த்தான். கால் திரும்பி வந்தது, செருப்பு வரவில்லை.

"உதவி," என்றான் பட்டையிடம்.

"உங்கள் பயம் குறைந்ததும் பாதை திரும்பும். கடற்காற்றை ரசியுங்கள்," என்றது பட்டை. "தலைமையை மாற்ற விரும்பினால், பட்டையைக் கழற்றி இன்னொருவர் அணியலாம்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? பவி, நீ போட்டுக்கோ. உனக்குத்தான் எதுக்கும் பயம் கிடையாதே."

பவித்ரா தயங்கினாள். பிறகு அணிந்தாள். பட்டை 94 என்றது. பலகைகள் இன்னும் வேகமாகக் காட்டுக்குள் ஓடின.

குணாளன் எண்ணைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எப்பலேர்ந்து?"

"கார்ல ஏறினதுலேர்ந்து. கல்யாணம் ஆனதுலேர்ந்துன்னும் வச்சுக்கலாம்." அவள் குரல் எப்போதும்போல நிதானமாகத்தான் இருந்தது. "நீங்க முந்திக்கிட்டுப் பயந்துடறீங்க. வீட்டுல அதுக்கு ஒருத்தருக்குத்தானே இடம்."

நீர் கணுக்காலைத் தொட்டது. இமையா குனிந்து ஒரு நண்டோடு பேசிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள்.

சின்ன மணிக்கட்டில் பட்டை இறுகியது. எண் 6. பாதை நின்றது, யோசித்தது, வாயிலை நோக்கி அம்புபோல நேரானது. குணாளன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நீர் முழங்காலுக்குக் கீழே இழுத்தது.

"அப்பா, அம்மாவுக்கு 94 வந்துச்சே. அது என்ன?"

பயம் என்று சொன்னால் பிள்ளை பயந்துவிடும் என்று நினைத்தான். "மார்க்குடா," என்றான்.

"உங்களுக்கு?"

"81."

இமையா தன் கையைப் பார்த்தாள். "எனக்கு ஆறுதானா?"

எண் 19 ஆனது.

"ஆறுதான் நல்ல மார்க், கண்ணு," என்றாள் பவித்ரா அவசரமாக.

"மிஸ் அப்படிச் சொல்லல. ஆறு வாங்கினா அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க."

31. 42. வாயிலுக்குப் பதினைந்தடி. முன்னால் இருந்த பலகை ஒரு விரற்கடை இடப்பக்கம் அசைந்தது. இடப்பக்கம் இப்போது காடு இல்லை, தண்ணீர்தான். 47.

குணாளன் அவள் முன்னால் மண்டியிட்டான். நீர் அவன் தொடை வரை வந்தது.

"இமையா, அப்பா பொய் சொல்லிட்டேன். அது மார்க் இல்ல, பயம். எனக்கு 81 பயம். அம்மாவுக்கு 94."

"பெரியவங்களுக்கா?"

"எங்களுக்குத்தான் ரொம்ப. லிஃப்ட்டைப் பார்த்தாக்கூட எனக்குப் பயம்."

"பொழப்பே லிஃப்ட்டுதான்," என்றாள் பவித்ரா. சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

இமையா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இருக்கறதுலயே கம்மி எனக்கா?"

"ஆமா."

"அப்ப நான் கூட்டிட்டுப் போறேன். கையைப் பிடிச்சுக்கோங்க."

39. 20. 11. பலகை நேரானது. மூவரும் வாயிலைக் கடந்தார்கள், பட்டை தானாகக் கழன்று விழுந்தது.

"நடை எப்படி இருந்தது?" என்று கேட்டது வாயில் திரை. "குடும்பத் தலைவர் பதில் சொல்லவும்."

யாரும் தடுப்பதற்குள் இமையா எம்பி, சிரித்த முகம் உள்ள பொத்தானை அழுத்தினாள்.

"மிக எளிது! நன்றி. தங்கள் மதிப்பீட்டின்படி இன்றைய நடை எல்லோருக்கும் ஒரு மணி நேரம் நீட்டிக்கப்படுகிறது."

பக்கத்திலேயே நுழைவாயில் திறந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் தொப்பி போட்ட ஓர் ஆணும் நின்றிருந்தார்கள்.

"குடும்பத் தலைவர் யார்?" என்றது பெட்டி.

அந்தப் பெண்ணின் கை கணவனைக் காட்டியது. அவன் நெஞ்சை நிமிர்த்திக் கையை நீட்டினான்.

குணாளன் ஒற்றைச் செருப்போடு ஓடிப்போய் நுழைவாயிலின் குறுக்கே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன சார், வழியை விடுங்க."

"விட மாட்டேன். உள்ள தண்ணி ஏறுது." குணாளன் கால்களை இன்னும் நீட்டிப் போட்டான். "எனக்குப் பயமா இருக்கு."

தொப்பிக்காரன் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டான். மனைவியை ஒருமுறை பார்த்தான். பிறகு குணாளனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்கும்தான் சார்," என்றான் தாழ்ந்த குரலில். "வீட்டுலேர்ந்து கிளம்பினதுலேர்ந்து."