தொண்டையில் ஒரு வெளிச்சம்

செவ்வாய்க் குடியேற்றத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களின் பிறந்தநாள் ஒரு குவளை கதிரியக்க மருந்தோடுதான் தொடங்கும். கேக்கெல்லாம் அப்புறம். விண்கதிர் சல்லடையாய்த் துளைக்கிற கோள். யார் உடம்பில் எந்தச் செல் கெட்டிருக்கிறது என்று வருடாவருடம் பார்த்தாக வேண்டும். மருந்தின் பெயர் சுடரினி. சர்க்கரையின் முதுகில் கதிர்வீசும் அணு ஒன்றை ஏற்றிவிட்டது, அவ்வளவுதான். அதிகமாக உழைக்கும் செல் அதை அதிகமாகத் தின்னும். படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். புற்று என்றால் அடுத்த கப்பலில் பூமிக்கு. திரும்பி வர முடியாது.

சுடரினியை வடிவமைத்தவள் எஸ்தர் கனகமணி. பதினோரு வருட உழைப்பு. அன்று பிறந்தநாளுக்கு அதைக் குடித்தவர் அவள் கணவர் சாமிதாஸ், கீரை வளர்க்கும் கூடத்தில் வேலை பார்ப்பவர். குடித்தபின் ஒரு மணி நேரம் தனியறையில் அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். அதுவும் எஸ்தர் எழுதிய விதிதான்.

ஆய்வகத்தில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தனியறைக்குப் போன் போட்டாள்.

"நீங்க ஒண்ணும் பேசாதிய. நான் சொல்லுதத மட்டும் கேளுங்க."

கப்பலில் வந்த கடுகு, மகளின் மசக்கை, பக்கத்துக் குமிழிவீட்டுச் சண்டை என்று பேச்சு நீண்டது. நடுநடுவே, "கேக்கியளா?" என்று வேறு.

படம் வந்தது. தொண்டையில் ஒரே வெளிச்சம்.

எஸ்தர் ஓடி வந்தாள். "உண்மையச் சொல்லுங்க, பேசினியளா?"

"ஒரு வார்த்தை பேசல."

அவர் பொய் சொல்ல மாட்டார். அப்படியென்றால் புற்றுதான். அவரோடு பூமிக்குப் போகவும் வழியில்லை. சுடரினி செய்யத் தெரிந்தவள் அந்தக் கோளிலேயே அவள் ஒருத்திதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முப்பது வருடத்தில் அவள் அப்படி அழுது அவர் பார்த்ததில்லை.

செவிலி இயந்திரம் குறுக்கிட்டது. "வெளிச்சம் குரல்நாண் தசைகளில் மட்டும், இருபுறமும் சமமாக உள்ளது. இது புற்று அல்ல. நோயாளி பேசவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஐம்பத்திரண்டு நிமிடங்களில் நானூற்றுப் பதினாறு முறை 'ம்' என்றிருக்கிறார்."

ஒலிப்பதிவை ஓடவிட்டது. எஸ்தரின் பேச்சு ஓயாமல் போக, அடியில் விடாமல் ஒரு 'ம்', 'ம்'. அதற்கும் தொண்டைதான் உழைக்க வேண்டும். செல்லின் பசியைத் துல்லியமாகக் கணக்கிட்டவள், பேசாதே என்று எழுதினாளே தவிர, உம் கொட்டாதே என்று எழுதவில்லை. சொந்த வீட்டில் முப்பது வருடமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தும் தோன்றவில்லை.

"நாளை மறுசோதனை. தொலைபேசி துண்டிக்கப்படும்" என்றது இயந்திரம். பிறகு சாமிதாஸைக் கேட்டது: "பேச வேண்டாம் என்றவரிடம் ஏன் உம் கொட்டினீர்கள்?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"கொட்டலேன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு போன வச்சிருவா. எனக்குப் பயமா இருந்துச்சுல்லா."