பூஞ்சைக்குத் துணை

நான்காம் நாள் காலையில் குடுவைக்குள் தாள் இல்லை. அதில் எழுதியிருந்த எழுத்து மட்டும் மிதந்தது.

சத்தியதாஸ் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். நீல மை, வரி பிசகாமல், ‘அன்புள்ள தம்பி சத்தியதாஸுக்கு’ என்று பழுப்பு நீரின் மேல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பச்சைப் பூஞ்சை, நேற்றைவிட இரு மடங்காக, வயிறு நிறைந்த பூனை மாதிரி சுருண்டு கிடந்தது.

தப்பு அவனுடையதுதான். இந்தப் பூஞ்சை மரத்தூளைச் சர்க்கரையாக்கும், சர்க்கரை சாராயமாகும், சாராயத்தில் ஜீப் ஓடும் என்பது ஆராய்ச்சிக்கூடத்தின் திட்டம். ஐந்து வருடமாகிறது, ஜீப் ஓடுவது மட்டும்தான் பாக்கி. ஓண விடுமுறைக்குக் கிளம்பும்போது மேலதிகாரி குறுப்பு சார் சொல்லியிருந்தார்: “தாசே, தினம் அதுக்குத் தீனியா ஒரு வடிதாள் போடு, ரெஜிஸ்டர்ல ஒப்பு போடு. பத்தாம் நாள் நான் வரும்போ இது ஜீவனோட இருந்தா நீ பெர்மனென்ட். செத்துதுன்னா உன் ஜோலியும் போச்சு, கேட்டோ.”

ஸ்டோர் சாவியோடு ஸ்டோர்கீப்பரும் ஓணத்துக்குப் போய்விட்டார். வெளியே இருந்த வடிதாள் இரண்டு. மூன்றாம் நாள் அரசாங்கத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழித்தால் விளக்கம் எழுத வேண்டும். சட்டைப்பையில் மார்த்தாண்டத்து அக்கா ரத்னாபாயின் கடிதம் இருந்தது. அதற்கு விளக்கம் கேட்பார் யாருமில்லை.

இன்று செய்தித்தாள் போட்டுப் பார்த்தான். தொடவில்லை. மதியத்துக்குள் பூஞ்சையின் ஓரம் கறுத்து வாடியது. கரமனையில் அவன் தங்கியிருந்த வாடகை அறையில் அக்கா எழுதியவை இன்னும் ஏழு இருந்தன. அவனுக்குக் கடிதம் எழுத வேறு ஆளில்லை. பஸ் பிடித்துப் போய் எடுத்து வந்தான்.

“என்ன சாரே, ஊரே பாயசம் குடிக்குது, நீங்க பாசிக்குச் சோறு போடுதீயளா?” என்றார் கேட்டில் காவல்காரர் நெல்லையப்பன்.

“அதுக்கு வீட்டுச் சாப்பாடுதான் வேணுமாம் அண்ணாச்சி.”

“அப்போ நல்ல பிள்ளதான்!”

அந்த வாரம் அவனோடு பேசிய ஆள் அவர் ஒருவர்தான். ஹோட்டல்கள் மூடிக் கிடந்தன. மழை விடாமல் பெய்தது. பக்கத்து வீட்டு ஊஞ்சல் சத்தமும், வெல்லம் கொதிக்கும் வாசனையும் ஜன்னல்வரை வந்து, உள்ளே இருந்த புளித்த கள் நாற்றத்தையும் ஈர மரத்தூள் மணத்தையும் பார்த்துத் திரும்பிப் போயின. அவன் ஒவ்வொரு கடிதத்தையும் உரக்கப் படித்துவிட்டுக் குடுவைக்குள் போட்டான். படிக்கும்போது பூஞ்சை அசையாமல் இருந்தது. கேட்பதுபோல.

ஏழாம் நாள் ரெஜிஸ்டரைத் திறந்தான். எல்லோருடைய பெயரும் இருந்தது. அவன் பெயர் இருந்த இடங்களில் மட்டும் ஓட்டை. ஓரமெல்லாம் பச்சை.

எட்டாம் நாள் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தான். ஊற்றினால் ஒரு நிமிடத்தில் செத்துவிடும். பெர்மனென்ட் என்று நினைத்தான். பாட்டிலை வைத்துவிட்டான்.

ஒன்பதாம் நாள் ஆணியில் அவனுடைய வெள்ளைக் கோட்டு இல்லை. பருத்திக் கோட்டு. காலரில் சலவைக்காரர் அவன் பெயரை எழுதியிருந்தார். தரையில் பச்சைத் தூள். முக்காலிவரை.

பத்தாம் நாள் கடைசிக் கடிதத்தோடு வந்தான். நெல்லையப்பன் கேட்டைத் திறக்கவில்லை.

“ஆரு? என்ன வேணும்?”

“அண்ணாச்சி, நான்தான். சத்தியதாஸ்.”

“சத்தியதாஸ் சார் விடிஞ்சதும் வந்துட்டாரே. நீரு ஆருவே?”

கேலி இல்லை. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை.

மதிலைச் சுற்றி ஓடினான். பின்பக்கம் இடிந்த இடம். ஜன்னல். ஈரக் கம்பி.

உள்ளே, அவன் முக்காலியில், அவன் கோட்டு. முதுகு தெரிந்தது. தோள்கள் நிறைந்திருந்தன. கைநுனியில் ஐந்து பச்சை விரல்கள், பேனாவைப் பிடித்து, ரெஜிஸ்டரில் பத்தாம் ஒப்பைப் போட்டன. அவன் கையெழுத்து. அவன் போடுவதைவிடத் தெளிவாக.

குறுப்பு சார் அதன் தோளைத் தட்டினார். தூள் பறந்தது.

“கன்கிராஜுலேஷன்ஸ், தாசே.”

“சார்!”

அவர் திரும்பவில்லை.

அது திரும்பியது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் நீல மை, வரி பிசகாமல், லேசாக ஆடிக்கொண்டிருந்தது: அன்புள்ள தம்பி.