ஒயர் இல்லாத சுவர்

“சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. ரசம் மட்டும் சூடு பண்ணிக்க.”

“நீங்க சாப்ட்டீங்களா?”

“கேன்டீன்ல பாத்துக்கறேன். பஸ்ல தூங்கினியா?”

“எங்க, நின்னுகிட்டே வந்தேன்.”

“அதான் கொக்கு மாதிரி ஒத்தக்கால்ல நிக்கிறியா? போ, நல்லாத் தூங்கு.”

பனி விழுந்த ஒரு டிசம்பர் காலையில், வாசல் கேட்டருகே வினோதாவும் அவள் கணவன் மணிகண்டனும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவளுக்கு இரவு ஷிப்ட், அவனுக்குக் காலை ஷிப்ட். கல்யாணமான மூன்று வருடத்தில் அவர்கள் அதிகம் பேசிய இடம் அந்தக் கேட். ஒரே ஒரு நாள் வேலைக்குப் போகாமல் தன்னோடு இருக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தினமும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வருவாள். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருப்பான். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டுவிடுவாள். அன்றும் விட்டாள். இராயக்கோட்டை சாலையில் பனிக்குள் நின்றிருந்த லாரி அவனுக்குத் தெரியவில்லை. சாலையோரச் சேற்றில் கிடந்தவனை வெயில் ஏறிய பிறகுதான் யாரோ பார்த்தார்கள்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது அந்த வீட்டில் ஒரு சுவர் சுட்டது.

படுக்கையறையில், கட்டிலை ஒட்டிய சுவர். முதலில் அவள் ஷிப்ட் முடிந்து வந்து கையை வைத்தபோது லேசான வெதுவெதுப்புதான் இருந்தது, ஒருவர் இப்போதுதான் எழுந்துபோன பாயில் மிச்சமிருக்குமே அது போல. பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் ஆறிவிடும். பிறகு ஆறுவதற்கு அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, இந்த வாரம் பத்து மணியாகியும் ஆறவில்லை. தூக்கம் போயிற்று. கம்பெனி லைனில் வேலை செய்துகொண்டு நின்றபடியே இரண்டு முறை கண்ணயர்ந்துவிட்டாள். மூன்றாவது முறை நடந்தால் காண்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சுவருக்குள் ஒயர் காய்கிறது, வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மளிகைக்கடை சாந்தம்மா கொடுத்த நம்பருக்கு அடித்தாள்.

எலக்ட்ரீசியன் ராமப்பன் உத்தனப்பள்ளியிலிருந்து பழைய மொபெட்டில் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். அறைக்குள் நுழைந்ததும் கனத்த திரைச்சீலைகளைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னம்மா, பட்டப்பகல்ல இருட்டு கட்டி வெச்சிருக்கீங்க. கோழி ஏதாவது அடை படுத்திருக்குதா?”

“நைட் ஷிப்ட்டுண்ணா. வெளிச்சம் பட்டா தூக்கம் வராது.”

“உங்க மூஞ்சியப் பாத்தா இருட்டுலயும் வர்றாப்ல தெரியலியே.”

மெயின் போர்டில் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். “இது என் ஜோப்புல இருந்தாத்தான் எனக்குத் தைரியம். ஒருத்தன் தெரியாம சுவிட்ச் போட்டு எங்க அண்ணன் போய்ட்டாரு. அதுல இருந்து இந்தப் பழக்கம்.”

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. ராமப்பன் செல்போன் வெளிச்சத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கை மெல்ல நகர்ந்தது; சூடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். கட்டிலின் மேல் உட்கார்ந்து சாய்ந்தால் ஒரு ஆளின் முதுகு எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். அதற்கு மேலே, சின்னதாக ஒரு வட்டம். பென்சில் அங்கேயே நின்றுவிட்டது.

“ஒயர் பைப்பு அந்தப் பக்கமா மேல போகுது. இந்தச் சுவத்துல ஒயரே இல்லம்மா.”

“அப்ப எப்படிண்ணா சுடுது?”

ராமப்பன் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். பூச்சு உதிர்ந்து தலையணையில் விழுந்தது. கருகிய ரப்பர் வாசனை வரும் என்று வினோதா காத்திருந்தாள். வந்தது ஈர மண் வாசனை. அதற்குள் கொஞ்சம் பெட்ரோல். ராமப்பன் ஓட்டைக்குள் விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நாடி பார்ப்பவர் போல நின்றார்.

“ஏனப்பா இது,” என்று கன்னடத்தில் முனகினார். பிறகு அவளைப் பார்க்காமல் கேட்டார்: “இந்தக் கட்டில்ல வேற யாரும்மா படுக்கறது?”

“நா மட்டுந்தான்.”

“வீட்டுக்காரரு?”

“இல்லண்ணா. தவறிட்டாரு.”

விரலை வெளியே இழுத்துக்கொண்டார். “உள்ள இருந்து காத்து வருதும்மா. வருது... நிக்குது. அப்புறம் உள்ள இழுக்குது.”

சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டார். வாசற்படி இறங்கும்போதே மொபெட் சாவி கையில் இருந்தது. சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகுதான், மின்விசிறியைப் போடப் போன வினோதா மெயின் போர்டைப் பார்த்தாள். பியூஸ் கட்டை இருந்த இடம் காலி. போன் செய்தாள்.

“அய்யோ, ஜோப்புலயே வந்துருச்சும்மா. எங்க அக்கா பையன்கிட்ட குடுத்தனுப்பறேன். வாசல்ல வெச்சிட்டு வந்துருவான்.”

“நீங்களே வாங்கண்ணா. மாட்டத் தெரியாது எனக்கு. நைட்டு டியூட்டி இருக்கு, தூங்கியே ஆகணும்.”

போனில் மொபெட் மறுபடி கிளம்பும் சத்தம் கேட்டது.

“அங்க தூங்காதீங்கம்மா,” என்றார் ராமப்பன். வைத்துவிட்டார்.

சாந்தம்மா வீட்டுக்குப் போகலாம். மூன்று தெரு நடக்க வேண்டும். என்ன ஏது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அழுகை வரும், அழுதால் அவர்கள் காபி போட்டுக் கொடுப்பார்கள், அதையும் உட்கார்ந்து குடிக்க வேண்டும். பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அது அவளிடம் இல்லை. அறைக் கதவைத் தாழிட்டு, தலையணையிலிருந்த காரைத்தூளைத் தட்டிவிட்டு, சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள்.

மின்விசிறி இல்லாத அறையில் எல்லாம் கேட்டது. தூரத்தில் ஏதோ கம்பெனியின் மதியச் சங்கு. குழாயில் சொட்டும் தண்ணீர். அவளுடைய மூச்சு.

இன்னொரு மூச்சு.

அவள் மூச்சை நிறுத்திப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

முதுகில் பட்டுக்கொண்டிருந்த வெதுவெதுப்பு சட்டென்று அணைந்தது. சுவர் குளிர்ந்தது. அவளுக்கும் சுவருக்கும் நடுவில் மெத்தை அழுந்தியது. மெதுவாக. ஒரு முழங்கை. ஒரு முழங்கால். அவளுக்கு மட்டும் வாரவிடுமுறையான நாட்களில், அவள் தூக்கம் கலையாமல் தாண்டி இறங்கி மணிகண்டன் வேலைக்குக் கிளம்புவானே, அதே பக்குவம். கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. மணல் கலந்த நீர்.

கண்ணைத் திறக்கவில்லை.

ஒரு கால் தரையில் ஊன்றியது. மற்றது இழுபட்டது. ஈரத்துணி தரையில் உரசும் ஒலி. கட்டிலிலிருந்து கதவு ஓரடிதான். தாழ்ப்பாள் கிரீச்சிட்டது. பாதி.

போகப் போகிறான். இன்றைக்கும்.

கை தானாக நீண்டது. பிடித்தது. மணிக்கட்டு. சூடு. அவளுக்குத் தெரிந்த மணிக்கட்டு. அதற்கு மேலே சட்டைக்கை நனைந்திருந்தது. அதற்கும் மேலே, கை மடங்கக்கூடாத பக்கமாக மடங்கியிருந்தது. குளிர்ந்த சேறு வழிந்து அவள் விரலிடுக்குகளில் இறங்கியது.

விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்கு ஒரு நாள் போவாதீங்க,” என்றாள். “என்கூடவே இருங்க.”

பாதி திறந்திருந்த தாழ்ப்பாள் உள்ளிருந்து மறுபடி விழுந்தது.