கழுத்துச் சாவி

நதஹாஃபா தேய்த்தது மீனின் இடப்பக்கத்தை மட்டும்தான். திரையில் இரண்டு பக்கமும் கோடு விழுகிறது என்றான் உள்ளறையில் இருந்த உதவியாள் ஃபெஸ்டஸ்.

"மேமே, ஒவ்வொரு பக்கமா தேய்ங்க. என்ன அவசரம்?" வயர்லெஸ்ஸில் அவன் குரல் கரகரத்தது. மேமே என்றால் அங்கே அம்மா.

"எனக்கு இருக்கிறது ரெண்டு கை. ஒண்ணுல இந்த வயர்லெஸ்ஸைப் பிடிச்சிருக்கேன். ஒழுங்காப் பாருடா."

கப்பலின் பின்னால் கடலுக்குள் இழுத்துப்போகும், ஒலியால் கடலடியைத் துழாவும் சோனார் உருளையைத்தான் மீன் என்பார்கள். கேபிளை மாட்டியதும் அதன் விலாவைக் கையால் தேய்ப்பார்கள். உள்ளறைத் திரையில் கோடு விழுந்தால் இணைப்பு சரி. மாட்டும்போதும் கழற்றும்போதும் மின்சாரச் சாவி அந்த வேலையைச் செய்கிறவர் கழுத்தில் தொங்கவேண்டும். யாரும் தவறிப்போய்க்கூட உள்ளே கரண்டைப் போட்டுவிடக் கூடாது பாருங்கள்.

அப்படி, நதஹாஃபா சிவப்பு நூல் கட்டிக் கொடுத்த சாவி தொங்கிய கழுத்தோடுதான் அவள் புருஷன் ஹைம்போதி போன வாரம் இதே பின்தளத்திலிருந்து விழுந்தான். பாவி மனுஷன், நீச்சல் தெரிந்தவன். உடலைத் தேட இன்று ஒரு நாள்தான் கப்பல் கிடைத்தது. ஊரில் மாமியார், துக்க வழக்கப்படி தரையில் விரித்த மெத்தையை விட்டு எழவில்லை. புதைக்க ஏதாவது வராமல் எழவும் மாட்டாள். கிடைக்கும் என்று நதஹாஃபாவுக்கே நம்பிக்கை செத்துவிட்டது.

ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. கேபிள் முனையின் உப்பைத் துடைத்து, கிரீஸ் தடவி, முறுக்காமல் நேராக அழுத்தி, பூட்டு வளையத்தைத் திருகிவிட்டுத்தான் புதுச் சாவியை ஃபெஸ்டஸிடம் கொடுத்து உள்ளே அனுப்பியிருந்தாள். நண்பகல்தான். ஆனால் லூடெரிட்ஸ் துறைமுகக் கரையிலிருந்து வந்த பனிமூட்டம், சீல்களின் நாற்றத்தையும் டீசல் புகையையும் சுமந்துகொண்டு, தளத்தை விழுங்கி, கைப்பிடிக் கம்பியை விழுங்கி, தள விளிம்பில் கிடந்த மீனின் கடலைப் பார்த்த வலப்பக்கத்தையும் விழுங்கியிருந்தது. கரண்ட் இருந்தால் மட்டுமே வரும் அந்த டிக், டிக், டிக் சத்தம் மட்டும் மீனிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் கையை எடுத்தாள்.

"வலப்பக்கம் இன்னும் வருது மேமே. மூணு நீளத் தேய்ப்பு, ஒரு தட்டு." அவன் குரல் இறங்கியது. "இது நம்ம ஹைம்போதி பண்றது. வேணாம் மேமே, இப்படி விளையாடாதீங்க."

நதஹாஃபா வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுவந்தாள். "கரண்டை நிறுத்து."

"நிறுத்தி, சாவியையும் உருவிட்டேன்."

டிக். டிக். டிக்.

"ஐயோ, நிக்கலையேடா! கேபிளைக் கழட்டணும். சாவியைக் கொண்டா, சீக்கிரம்!"

"வர்றேன், வர்றேன்."

மீனின் அந்தப் பக்கத்திலிருந்து தேய்க்கும் சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. மூன்று நீளம். ஒரு தட்டு. பிறகு இல்லை.

பின்னாலிருந்து கயிறு ஒன்று அவள் தலைவழியாகக் கழுத்தில் விழுந்தது. சாவி நெஞ்சில் தட்டியது.

"அப்பாடா, வந்துட்டியா!" திரும்பாமலே கேபிளின் பூட்டு வளையத்தைப் பிடித்தாள்.

வயர்லெஸ் கரகரத்தது. "மேமே, இங்க கதவு சிக்கிக்கிச்சு. திறக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் இருங்க."

கயிறு ஈரமாக இருந்தது.

குனிந்து பார்த்தாள். துரு. சாவியின் காதில் சிவப்பு நூல். அவளே கட்டிய நூல்.

டிக் நின்றது.

முதுகில் நீர் சொட்டியது. அழுகிய பாசி வாடை. அவள் விரல்கள்மேல் ஊறி வெளுத்த கை ஒன்று வந்து அமர்ந்தது. மோதிரம் சதையில் புதைந்திருந்தது. வளையத்தோடு சேர்த்து அவள் விரல்களை அது இறுக்கிப் பிடித்தது.

மீன் கடல்பக்கம் சரியத் தொடங்கியது.