பாதையில் கிடந்த தழைக் குவியல்

யானை வாடை மட்டும் வந்துகொண்டே இருந்தது, யானையைக் காணோம். ஈரமண்ணும் சாணமும் மென்ற புல்லும் கலந்த அந்த வாடை வளைவுக்கு வளைவு ஜீப்பின் கூடவே வருவது ஓட்டுநருக்குப் பிடிக்கவில்லை. இந்தக் காட்டுக்குள் வண்டி ஓட்டியே தலை நரைத்தவர் அவர். வாடை என்றால் ஓரிடத்தில் அடிக்கும், தாண்டினால் போய்விடும். இப்படி ஒட்டிக்கொண்டு வராது.

பின்சீட்டில் சுற்றிப்பார்க்க வந்த கணவனும் மனைவியும். கணவரின் கழுத்தில் கேமரா தொங்கியது, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மத்தியானத்துலேர்ந்து சுத்துறோம். ஒரு வாலையாவது காட்டினியாப்பா? ஆபீஸ்ல புகார் சொல்லாம போகமாட்டேன்."

'யானையை என்ன நான் கட்டியா வச்சிருக்கேன்?' என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் இன்னொரு புகார் வந்தால் அவருக்கும், வழிகாட்டியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கும் சேர்த்தே சீட்டுக் கிழியும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். வந்த எரிச்சலில், போகக்கூடாது என்று பலகை வைத்திருந்த பழைய பாதையில் வண்டியைத் திருப்பினார்.

"அண்ணே, இதுல வேணாண்ணே."

"நீயும் ஆரம்பிக்காதடா."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருபுறமும் மரங்கள் நெருங்கி வந்தன. ஒரு பூச்சிகூடச் சத்தம் போடவில்லை. பாதையை அடைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு தழைக் குவியல் கிடந்தது. முறிந்த இடங்களில் இன்னும் பால் கசிந்தது. யானை தின்று மிச்சம் போட்டது என்றுதான் நினைத்தார்.

"இறங்கி இழுத்துப் போடுடா. எவ்வளவு நேரம்தான் இந்த ஆளு வாயைக் கேக்குறது?" என்று தம்பியின் காதோரம் எரிந்து விழுந்தார். வாடை அடித்தால் வண்டியைவிட்டு இறங்கக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

தம்பி இறங்கி நாலைந்து கிளைகளை உருவினான். பிறகு நின்றுவிட்டான்.

"அண்ணே... உள்ள ஒரு ஜீப்பு இருக்கு."

கண்ணாடி தெரிந்தது. அதற்குப் பின்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஒருவர். பின்சீட்டில் இன்னும் சிலர். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தோல் வற்றி எலும்போடு ஒட்டியிருந்தது. தழையோ இன்று முறித்தது. எந்த வண்டியும் காணாமல் போனதாக இந்தக் காட்டில் யாரும் சொன்னதில்லை.

அப்போது மரங்கள் நகர்ந்தன. மரங்கள் அல்ல, யானைகள்.

கூட்டம் சத்தமே இல்லாமல் சுற்றி வளைத்து நின்றது. யானை வந்தால் எஞ்சினை அணை, அசையாதே, போகும்வரை காத்திரு. கை பழக்கத்தில் சாவியைத் திருப்பி அணைத்தது. அதற்குப் பிறகுதான் உறைத்தது: அந்த ஜீப்பில் இருந்தவர்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள்.

செத்துப்போன யானையை மற்ற யானைகள் தழை போட்டு மூடுவதை அவர் பார்த்திருக்கிறார். உயிரோடு இருப்பதை மூடிப் பார்த்ததில்லை. பெரிய பெண் யானை ஒன்று முன்னால் வந்து, தம்பியின் தோளில் ஒரு கிளையை வைத்தது. மெதுவாக. தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி.

"அண்ணே."

இன்னொரு கிளை. இன்னொன்று.

"வண்டிய எடுப்பா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கேமராக்காரர்தான், ஆனால் அவர் குரல் மாதிரியே இல்லை.

வண்டியைக் கிளப்பினால் தம்பி மிதிபடுவான். கிளப்பாவிட்டால்? ஆத்திரம் தீர ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தக்கூட வழியில்லை. சத்தம் வரும். போங்களேன், சனியன்களே. போய்த் தொலையுங்களேன்.

அவை போகவில்லை. தழை தம்பியின் இடுப்புக்கு வந்தது. மார்புக்கு. கழுத்துக்கு. அவன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன செய்யவேண்டும் என்று அண்ணன் சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

கூரையில் ஏதோ உரசியது. கண்ணாடியின் மேல் முதல் கிளை வந்து படிந்தது. வாடை உள்ளே நிறைந்தது. இரண்டாவது கிளை. இருட்டு. ஒரேயொரு இடைவெளி. அதன் வழியே எதிரே இருந்த குவியலில் தம்பி மூச்சுவிடுவது தெரிந்தது. இலைகள் ஏறின, இறங்கின. அந்தக் குவியலுக்கு முன்னால் ஒரு குட்டி யானை, தன் அளவுக்கு ஒரு சின்னக் கிளையைத் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தது.