பொய் சொல்பவர்கள் போகுமிடம்

மார்ச் மாத மூடுபனி கோர்ட்டின் வாசற்படிவரை ஏறியிருந்தது. குமாஸ்தா ஏமோஸ் விட்லோ காகிதக் கட்டை மார்போடு அணைத்தபடி உள்ளே நுழைந்தபோது அருவதாத் தழையின் கசப்பு மூக்கில் ஏறியது. கைதிகளிடமிருந்து சிறைக் காய்ச்சல் நீதிபதிக்குத் தொற்றிவிடக் கூடாதென்று அந்தத் தழையைத் தூவுவார்கள். நீதிபதியின் மேடையில் ஒரு கட்டு, குற்றவாளிக் கூண்டின் விளிம்பில் ஒரு கட்டு. சாட்சிகளுக்குக் கிடையாது.

கூட்டிப் பெருக்கும் டார்க்கஸ் சாட்சிக் கூண்டின் முன் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"இந்த முக்காலியை யாருங்கய்யா இங்கே கொண்டாந்து போடுறது?"

"சின்னப் பிள்ளை சாட்சி யாராவது இருந்தா ஏறி நிக்கப் போடுவாங்க. இன்னிக்கு யாருமில்லையே."

"அதைத்தானே நானும் சொல்றேன்! மூணு தடவை எடுத்து உள்ளே வெச்சேன், மூணு தடவையும் திரும்ப வந்து நிக்குது. உங்க குமாஸ்தாப் பசங்க குறும்புன்னா சொல்லிடுங்க, விளக்குமாத்தால ரெண்டு போடுறேன்."

ஏமோஸ் முக்காலியைத் தொட்டுப் பார்த்தான். மரம் சில்லென்று ஈரமாக இருந்தது.

அந்த முக்காலியில் கடைசியாக நின்றவளை அவனுக்குத் தெரியும். லெட்டிஸ் ஆர்ம், எட்டு வயது. போன கோடையில், தன் வீட்டு மாடியில் குடியிருந்த, பீர் காய்ச்சும் மால்ட் தானியம் விற்கும் வியாபாரி கோஸ்லிங் தனக்குச் செய்ததைச் சொல்ல வந்தவள்.

சட்டம் எப்படி ஓடுகிறது என்று புதுப் பையன்களுக்கு விளக்குவதில் ஏமோஸுக்கு அலாதிப் பிரியம். பெண் பத்து வயதுக்குக் கீழ் என்றால் குற்றவாளியைக் கடல் தாண்டி நாடு கடத்துவார்கள். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் என்றால் சில மாதச் சிறை. பன்னிரண்டு தாண்டிவிட்டால், அவள் சம்மதிக்கவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும். எந்த வயதானாலும் சத்தியம் செய்யாமல் சாட்சி சொல்ல முடியாது. சத்தியம் என்றால் என்னவென்று தெரியாதவர் சத்தியம் செய்ய முடியாது. ஆகவே நீதிபதி முதலில் ஒரு கேள்வி கேட்பார். லெட்டிஸிடமும் கேட்டார்.

"பொய் சொல்றவங்க செத்த பிறகு எங்கே போவாங்க, பாப்பா?"

லெட்டிஸ் யோசித்தாள். "தெரியாதுங்க. நான் செத்ததில்லையே."

கோர்ட்டே சிரித்தது. ஏமோஸும் சிரித்தான்.

நீதிபதி ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த அமர்வுக்கு வழக்கைத் தள்ளிவைத்து, அதுவரை அவளை ஏழைகள் விடுதியில் தங்கவைத்து, பாதிரியார் அவளுக்கு நரகத்தைப் பற்றிப் பாடம் நடத்தட்டும் என்று உத்தரவிட்டார். என்ன நேர்த்தியான ஏற்பாடு என்று ஏமோஸ் அன்று வியந்தான். மாடிப்படியில் இழுத்துச் செல்லப்பட்ட குழந்தைக்குக் குளிர்காலம் முழுக்கக் கொதிக்கும் கந்தகத்தைப் பற்றிப் பாடம் நடந்தது. பிப்ரவரியில் விடுதிக் காய்ச்சலில் அவள் இறந்தாள். கோஸ்லிங் ஜாமீனில் பீர் குடித்துக்கொண்டிருந்தான்.

இன்று வழக்கு முடியும். சாட்சி இல்லை, விடுதலை. அதோடு போகவில்லை. வேலைக்கு ஒரு சிறுமி வேண்டுமென்று கோஸ்லிங் அதே விடுதியில் மனு போட்டிருந்தான். விடுதலையாகி வந்தால் கூட்டிப்போகலாம் என்று விடுதிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். விடுதி அதிகாரி ஸ்னெல் முற்றத்தில் காத்திருப்பதை ஏமோஸ் வரும்போதே பார்த்தான். அவர் பக்கத்தில், துணி மூட்டையோடு ஒன்பது வயது ஃபீபி.

பதினொரு மணிக்கு ஜூரிகள் அமர்ந்தார்கள். நீதிபதி ஆரஞ்சுச் சுளையின் விதையைக் கைக்குட்டையில் துப்பினார். கோஸ்லிங் புதுக் கோட்டில், நன்றாக மழித்த முகத்தோடு கூண்டில் நின்றான். வழக்கப்படி டவாலி எழுந்து கூவினான்:

"இந்தக் கைதிக்கு எதிராக எதையேனும் அறிந்தவர் எவராயினும் முன்வந்து சொல்லலாம், அவர் சொல் கேட்கப்படும்!"

பேச்சுக்குச் சொல்வதுதான். நூறு வழக்கில் ஒன்றில்கூட யாரும் வருவதில்லை.

முக்காலி கிரீச்சிட்டது.

அருவதா வாசம் திடீரென்று மறைந்தது. விடுதிப் படுக்கையின் புளித்த வைக்கோல் நாற்றம் வந்தது.

"நான் சொல்றேங்க."

சாட்சிக் கூண்டுக்குள் யாரும் இல்லை. டவாலியின் கைக்கோல் தரையில் விழுந்து உருண்டது. முப்பது வருடப் பழக்கம் நீதிபதியின் நாக்கை விடுமா? அது தானாகவே கேட்டது.

"பொய் சொல்றவங்க... செத்த பிறகு எங்கே போவாங்க?"

"போய்ப் பார்த்துட்டு வந்தேங்க."

ஜூரியில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு அது சொன்னது. நிதானமாக, ஒவ்வொன்றாக. எந்தக் கிழமை, எத்தனையாவது படி, அவன் கதவைத் தாழிட்ட சத்தம், அம்மாவிடம் சொன்னால் என்ன செய்வேன் என்று அவன் மிரட்டியது. ஏமோஸின் பேனா ஓடியது. அன்றைக்கே, இதே இடத்தில், சத்தியம் இல்லாமலே அவள் இதையெல்லாம் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

கோஸ்லிங்கின் வக்கீல் எழுந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, நாக்கு மட்டும் வேலை செய்தது.

"பிரபுவே, ஆட்சேபம். சாட்சி பொய் சொன்னா சட்டம் தண்டிக்கணும். செத்தவங்களைத் தண்டிக்க முடியாது. அதனால இவங்க சத்தியம் செல்லாது."

நீதிபதியின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அதைப் போல அருவருப்பான எதையும் ஏமோஸ் கண்டதில்லை.

"ஆட்சேபம் ஏற்கப்படுது. குமாஸ்தா, கேட்டதை எழுத வேணாம்."

ஜூரிகள் தங்கள் காலைப் பார்த்தபடியே 'குற்றவாளி அல்ல' என்றார்கள். இனி எந்தக் கோர்ட்டும் இதற்காக அவனைத் தொட முடியாது.

ஏமோஸ் எழுதிய தாளை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான்.

"ஸ்னெல் ஐயா, பிள்ளையைக் குடுக்காதீங்க! இதைப் படிங்க. உங்க விடுதிக்குச் சத்தியமும் வேணாம், ஜூரியும் வேணாம். மாட்டேன்னு ஒரு வார்த்தை போதும்."

ஸ்னெல் இரண்டு வரி படித்ததும் அவர் காது சிவந்தது. "கோர்ட்டே விட்டுடுச்சேப்பா. நான் யாரு?"

"இந்தப் பிள்ளை இன்னிக்கு ராத்திரி எங்கே படுக்கும்னு முடிவு பண்ற ஆளு நீங்கதான்."

கோஸ்லிங் படியிறங்கி வந்தான். நெற்றியில் வேர்வை. இருந்தும் இளித்தான். "என்ன ஸ்னெல், ஏதோ காத்தடிச்ச சத்தத்துக்கா பயந்துட்டீர்? வாம்மா ஃபீபி." வலது கையை நீட்டினான்.

ஃபீபி ஸ்னெல்லின் கோட்டுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவள் பார்வை கோஸ்லிங்கின் முகத்தில் இல்லை. அவன் இடுப்புக்குப் பக்கத்தில், காற்றில் நின்றது.

"அந்தக் கையைத்தான் அவ புடிச்சிருக்காளே," என்றாள்.

கோஸ்லிங் குனிந்து பார்த்தான். நீட்டிய கையின் விரல்கள் எதையோ சுற்றி மூடியிருந்தன. திறக்க முயன்றான். இடது கையால் ஒவ்வொரு விரலாக நெம்பினான். ஒன்றும் அசையவில்லை.

ஸ்னெல் மூட்டையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "இவ எங்கேயும் வரல. போய்யா."

கோஸ்லிங்கின் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கை இழுபட்டது. உதவிக்கு ஏமோஸைப் பார்த்தபடியே, குட்டிக் குட்டி அடியாக எடுத்து வைத்து, வாசலைத் தாண்டி, பனிக்குள் போனான்.

ஏமோஸ் வாசல்வரை சென்றான். சேற்றில் பூட்ஸ் தடங்கள் பதிந்திருந்தன. அவற்றின் வலப்பக்கத்தில், அரையடி முன்னால், சின்னஞ்சிறு வெறுங்கால் தடங்கள்.