முன்னறைப் புதுத்தரை

ஜெயவேல் கட்டையால் ஒரு தட்டு தட்டினால் இரண்டு சத்தம் கேட்டது.

டைல்ஸ் பதித்ததும் அடியில் பொள்ளல் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது கொத்தனார் வழக்கம். முன்னறையை முடித்துவிட்டு அவன் சுவரோரத்துக்கு வந்திருந்தான். மறுபடி தட்டினான். டொக். கொஞ்சம் பொறுத்து, அடியிலிருந்து இன்னொரு டொக்.

"இன்னாக்கா இது? கெட்டியா தான் கீது, ஆனா எதிர்ச்சத்தம் வருது. பழைய தரைய பேத்துட்டு போட்ருக்கலாம். நீதான் மேலயே ஒட்டுன்னுட்ட."

"காலி வூட்ல அப்டித்தான் கேக்கும். நீ வேலைய பாரு," என்றாள் வீட்டுக்காரி எல்சி.

பழைய மொசைக்கில் அந்த இடத்தில் ஒரு சின்னக் குழி இருந்தது. போன கோடையில் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த இடம். கிழவிக்குப் பேச்சு வராது. தாகமெடுத்தால் எவர்சில்வர் டம்ளரால் தரையைத் தட்டுவாள். ராயபுரமே குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த கோடை அது. குடிக்கக் கொடுத்தால் படுக்கை நனையும். நனைந்ததை அலச இன்னும் தண்ணீர் வேண்டும். எல்சி கொடுப்பதைக் குறைத்தாள். பிறகு, தட்டுவது காதில் விழாமலிருக்க டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

கிழவி செத்த அன்று வாயைத் துடைத்தபோது நாக்கு காய்ந்த கருவாடாக இருந்தது. "உன்ன மாதிரி மருமவ யாருக்கு கெடைக்கும்" என்று தெருவே அவளைக் கட்டிக்கொண்டு அழுதது. எல்சி மறுக்கவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை அவளைப் பிடுங்கித் தின்றது. ஓர் அங்குல சிமெண்டில் அதை மூடிவிடலாம் என்று நினைத்தாள், பாவி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் ஜூடிக்கு நிச்சயம். காசிமேட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து நாற்காலிகளை நிறைத்திருந்தார்கள். மல்லிகை வாசனையும் பிரியாணி வாசனையும், துறைமுகத்துக் கரித்தூளோடு ஜன்னல் வழியே வந்த உப்புக்காற்றும், எல்லாவற்றுக்கும் அடியில் புதுச் சிமெண்டின் ஈர நெடியும் அறைக்குள் கலந்து நின்றன. சுவரோர நாற்காலியில் மாப்பிள்ளையின் அம்மா டோரதி உட்கார்ந்திருந்தாள்.

"உங்க மாமியார நீங்க பாத்துகினது காசிமேடு வரைக்கும் பேச்சு சம்பந்தி. அதுக்கோசரம் தான் இந்த வூட்ல பொண்ணு எடுக்குறோம்."

டொக்.

எல்சி தரையைப் பார்த்தாள்.

டொக். டொக்.

பேச்சு நின்றது. டோரதி கால்களைத் தூக்கிக்கொண்டாள். "கீழ இன்னா கீது?"

கீழே மண்தான்.

அப்போது ஜூடி எழுந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டுப்புடவை சரசரக்க நேராகப் போய் டிவியைப் போட்டாள். சத்தத்தைக் கூட்டினாள்.

பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாம்.

டிவியை மீறிக் கேட்டது. டொக். டொக். டொக்.

எல்சி சமையலறைக்குப் போனாள். டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்தாள். அத்தனை பேர் முன்னால் மண்டி போட்டாள். டோரதியின் நாற்காலிக்கு அடியில் தண்ணீரை ஊற்றினாள்.

தண்ணீர் பரவவில்லை. டைல்ஸ் இடுக்கில் இறங்கியது.

மடக். கீழே ஒரு தொண்டை விழுங்கியது.

மடக். மடக்.

வெள்ளைத் தரை ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது.

டொக்.

எல்சி எழுந்துபோய்க் குடத்தை இழுத்து வந்தாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.